ஒரு தாய்ச் செடியும் ஒரு கலமும்



1867ஆம் ஆண்டில் நமது ஹேவாஹெட்ட பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அது விதைத் தேயிலை. செடிக்குச் செடி குணம் மாறும். பிற்காலத்தில் நல்ல தாய்ச் செடி ஒன்றைத் தெரிந்து, அதன் தண்டை வெட்டி நாற்றுமேடையில் ஊன்றும் முறை வந்தது. ஆயிரம் கன்றுகள் முளைத்தாலும் அத்தனையும் தாயின் குணமே. இன்று நான் சொல்ல வந்த வைத்திய விந்தையும் இத்தகையதே.

நோய்க்கிருமி உடலுட் புகுந்தால், நமது வெண்குருதிக் கலங்களுட் சில அதனைப் பற்றிப் பிடிக்கும் புரதத்தை ஆக்குகின்றன. அதன் பெயர் பிறபொருளெதிரி. ஒரு கலம் ஒரு வகையையே ஆக்கும். முன்னாளில் இதனைக் குதிரையின் குருதியிலிருந்து எடுத்தார்கள். விதைத் தேயிலைபோல அதில் பல வகை கலந்திருக்கும். சிலருடைய உடலுக்கு அது ஒவ்வாது.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்னும் அறிஞர் இருவர் பிறபொருளெதிரி ஆக்கும் எலிக் கலத்தைப் புற்றுக் கலத்துடன் இணைத்தனர். முன்னது சில நாளில் மடியும். பின்னது ஓயாது பெருகும். இணைந்த கலமோ இரு குணமும் பெற்றது. அதில் ஒன்றைத் தனியே வளர்த்தால், அதன் சந்ததி முழுவதும் ஒரே எதிரியை ஆக்கும். இதற்காக 1984இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எனினும் எலியின் எதிரியை மனித உடல் அந்நியமென்று தள்ளியது. ஆகவே மனித மரபணுக்களை எலிக்கு ஊட்டி, மனித எதிரியையே ஆக்கச் செய்தார்கள். அவ்வழியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தாரும் பூனாவிலுள்ள சீரம் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து விசர்நாய்க்கடிக்கு ஆக்கிய மருந்து 2017இல் இந்தியாவில் வெளிவந்தது. தடுப்பூசி போட்டபின் உடல் தானே எதிரியை ஆக்க ஒரு வாரமளவு செல்லும். அந்த இடைவெளியில் காவல் நிற்பது, காயத்தில் ஏற்றும் இந்த ஆயத்த எதிரியே.

என் சிறுவயதில் எங்கள் லயத்துப் பையன் ஒருவனை நாய் கடித்தது. மஞ்சள் பூசி, நூல் கட்டி, இரண்டு நாள் கழித்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் பிழைத்தது நமது அதிர்ஷ்டம். கிருமி நரம்பில் ஏறி நோய் கண்டுவிட்டால் எந்த எதிரியாலும் பயனில்லை.

பெரியோர்களே, நூல் கட்டுவதை நான் பழிக்கவில்லை. முதலில் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுவோம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவோம். திரும்பி வந்து நூல் கட்டுவோம். இளைஞர்களே, கடிபட்டவருடன் கூடப் போவது நமது கடமை. உலகத்து அறிவு நமது மலைக்கு வரும் பாதையில் கடைசி மைல் நம்முடையது.