நாக்கிலிருந்து இடுப்பு வரை

கசப்பு எல்லோருக்கும் ஒரே கசப்பு அல்ல. 1931-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலர் ஃபீனைல்தையோகார்பமைடு என்னும் பொடியைக் கையாண்டபோது தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் நின்றவர் கசக்கிறதே என்று முகம் சுளித்தார். ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. பலருடைய நாக்கில் வைத்துப் பார்த்ததில், மனிதர்களில் இரு சாரார் இருப்பது புலப்பட்டது. இது குடும்பவழி வருவது என்பதும் விரைவில் உறுதியாயிற்று. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் இந்தக் கசப்பை அறியாதவர்கள்.

இந்தப் பிரிவினைக்கும் உடற்கொழுப்புக்கும் தொடர்பு உண்டா? இக்கேள்வியோடு பல ஆண்டுகள் உழைத்தவர் நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெவர்லி டெப்பர். அவர் பயன்படுத்திய பொருள், ஃபாக்ஸின் பொடியைப் போலவே சிலருக்கு மட்டும் கசக்கும் புரோபைல்தையோயூராசில். தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்து அது, வாடை கிடையாது. சோதனை முறை எளிமையானது. ஒரு வடிதாள் வில்லை உப்புக் கரைசலில் தோய்த்தது, இன்னொன்று மருந்துக் கரைசலில் தோய்த்தது. ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்து, எவ்வளவு உறைக்கிறது என்று ஓர் அளவுகோலில் குறிக்கச் சொல்வார்கள். உப்பைவிட மருந்து மிகக் கடுமையாகத் தெரிந்தால் அவர் மிகைச்சுவையர். இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் இடைநிலையர். மருந்து மங்கலாகத் தெரிந்தால் சுவையறியாதவர்.

மிகைச்சுவையர் என்ற வகையை 1990-களில் நிலைநாட்டியவர் சுவை ஆய்வாளர் லிண்டா பார்டோஷுக். நாக்கில் நீலச் சாயம் தடவினால் காளான் வடிவ முகிழ்கள் மட்டும் சாயம் ஏறாமல் இளஞ்சிவப்பாகத் துருத்தித் தெரியும், அவற்றை எண்ணிவிடலாம். மிகைச்சுவையரிடம் அவை நெருக்கமாக இருப்பதை அவர் கண்டார். இந்த முகிழ்களில் சுவை நரம்போடு தொடுவுணர்ச்சி நரம்பும் முடிகிறது. கொழுப்பின் வழவழப்பு, மிளகாயின் எரிச்சல் ஆகியவற்றை நாக்கு அறிவது இந்தத் தொடுவுணர்ச்சியால்தான். கசப்பறியும் சோதனை கொழுப்பைப் பற்றியும் ஏதோ சொல்லக்கூடும் என்ற எண்ணம் பிறந்தது இப்படித்தான்.

டெப்பர் குழு சாலட் மீது ஊற்றும் இரண்டு குழம்புகளைக் கொடுத்துப் பார்த்தது. ஒன்றில் கொழுப்பு 10 விழுக்காடு, மற்றதில் 40. இடைநிலையரும் மிகைச்சுவையரும் வேறுபாட்டைக் கண்டுகொண்டார்கள். சுவையறியாதவர்களுக்கு அது பிடிபடவில்லை. நான்கு மடங்கு கொழுப்பு நாக்குக்குத் தெரியாமல் போகிறது என்பது சிறிய செய்தி அல்ல. 2002-ல் வெளிவந்த ஆய்வில் நடுவயதுப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். சுவையறியாத பெண்களின் உடல் நிறை குறியீட்டெண் மிகைச்சுவையரைவிட அதிகமாக இருந்தது. ஆனால் உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்களிடம்தான் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. தட்டைப் பார்த்து அளந்து உண்பவர்களிடம் நாக்கின் செல்வாக்கு மறைந்துவிட்டது. டெப்பரின் பணியில் மிக முக்கியமான இடம் இதுவே எனலாம். பின்னர் வேறு குழுக்கள் செய்த சில ஆய்வுகளில் இத்தொடர்பே தென்படவில்லை.

2003-ல் மரபியலர் டென்னிஸ் டிரேனாவின் குழு, ஃபாக்ஸ் கண்ட அந்தக் கசப்புக்குரிய மரபணுவை 7-ஆம் குரோமோசோமில் கண்டுபிடித்தது. டாஸ்2ஆர்38 என்பது அதன் பெயர். அது உருவாக்கும் ஏற்பிப் புரதத்தில் மூன்றே இடங்களில் அமினோ அமிலம் மாறுவது, கசப்பை உணர்வதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. மனிதனிடம் கசப்பு ஏற்பிகள் சுமார் 25 வகை உண்டு. ஆகவே பாகற்காயை ஒதுக்கும் பிள்ளையின் குற்றத்தை இந்த ஒரு மரபணுவின் தலையில் கட்ட முடியாது.

மிகைச்சுவையருக்கும் இடைநிலையருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த மரபணு முழுதும் விளக்கவில்லை. டெப்பரோடு இணைந்து பணியாற்றிய இத்தாலியின் காக்லியாரி பல்கலைக்கழகத்தார், உமிழ்நீரில் துத்தநாகத்தைப் பிணைக்கும் கஸ்டின் என்ற புரதத்தின் மரபணுவையும் கணக்கில் சேர்த்தார்கள். சுவை மொட்டு வளர்வதற்கு அப்புரதம் துணைசெய்கிறது. கொழுப்பை நேரடியாக உணர்த்துவது சி.டி.36 என்ற மற்றொரு புரதம். 2012-ல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் உடல் பருத்தவர்கள் 21 பேரைச் சோதித்தது. அப்புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் மரபு வடிவம் கொண்டவர்கள், குறைவாக உண்டாக்குபவர்களைவிட எட்டு மடங்கு நுட்பமாகக் கொழுப்பை உணர்ந்தார்கள்.

எடையோடு தொடர்புடைய பரவலான மரபணுக்களில் பெயர்பெற்றது 2007-ல் வெளிச்சத்துக்கு வந்த எஃப்.டி.ஓ. அதன் பருமன் வடிவத்தைத் தாய், தந்தை இருவழியிலும் பெற்றவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடையுள்ளவர்கள். இந்த மரபணுவின் தொடர்பு முக்கியமாகப் பசியோடும் உண்ணும் அளவோடும்தான்; கசப்பு வில்லை இதைக் காட்டிக்கொடுக்காது.