தனி வயலினுக்கு எந்த லைப்ரரி?

உங்களில் பல பேர் கேட்கிற கேள்வி இது: தனி வயலினுக்கும் சின்ன தந்திக் குழுவுக்கும் எந்த சாம்பிள் லைப்ரரி வாங்கலாம்? பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் பட்ட ஒரு அவமானத்தைச் சொல்லிடறேன்.

எனக்கு ஊர் ராஜபாளையம். ஸ்டூடியோன்னு நான் சொல்லிக்கிறது மாடியில இருக்கிற ஒரு அறை. பின்னாடி நூல் மில், மூணு ஷிஃப்ட்டும் ஓடும். மைக் வெச்சு வயலின் பதிவு பண்ணினா மில் இரைச்சலும் கூடவே வரும். அதனாலதான் சாம்பிள் பக்கம் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பற்றி நண்பர் ஒருத்தர் குறும்படம் எடுத்தார். விடியறதுக்கு முன்னாடி ஆளில்லாத தேர் வீதியைக் காட்டும்போது ஒரே ஒரு வயலின் கேட்கணும்னார். டெமோவில் மயங்கி, கையிலிருந்த காசை எல்லாம் போட்டு ஒரு லைப்ரரி வாங்கினேன்.

முடிச்சதும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற என் பழைய வயலின் வாத்தியாரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நல்லா இருக்கு தம்பி. ஆனா, வாசிச்ச ஆளு வில்லை எங்க திருப்புனாரு?" என்னிடம் பதில் இல்லை. வில்லி பேரைத் தாங்கிய ஊரில் போய் வில்லைக் கோட்டை விட்டிருக்கேன்!

அவர் கேட்டதுதான் இன்றைய பேச்சே. பத்துப் பதினாறு வயலின் சேர்ந்து வாசித்தால் ஒருத்தர் குறையை மற்றவர் மறைப்பார். தனி வயலினுக்கு அந்தத் துணை கிடையாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு எப்படிப் போகுது என்பதில்தான் உயிர். அதனால் மூணு விஷயம் பாருங்க.

முதலாவது, லெகாட்டோ. இரண்டு சுரங்களுக்கு நடுவில் இருக்கிற நகர்வை நிஜமாகவே பதிவு பண்ணியிருக்காங்களா, இல்லை ஒன்றைக் குறைத்து இன்னொன்றை ஏற்றி ஒட்டியிருக்காங்களா? நிஜமாகப் பதிவு பண்ணினதில் தாமதம் இருக்கும். சினிமாட்டிக் ஸ்டூடியோ ஸ்டிரிங்ஸில் மெதுவான லெகாட்டோ வந்து சேர ஒரு நொடியில் மூணில் ஒரு பங்கு ஆகும். அது பழுது இல்லை. சீக்வென்ஸரில் அந்த சுரங்களை முன்னாடி நகர்த்தி வைக்கணும்.

இரண்டாவது, அசைவு, அதாவது விப்ராட்டோ. அது நம்ம கையில் இருக்கா, இல்லை சாம்பிளோடு உறைஞ்சு கிடக்கா? உறைஞ்சு கிடந்தால் எல்லா சுரமும் ஒரே மாதிரி அழும்.

மூணாவது, கூடத்தின் எதிரொலி. சர்ச் மாதிரி பெரிய கூடத்தில் பதிவான வயலினை, காது பக்கத்தில் வாசிக்கிற மாதிரி மாற்ற முடியாது. எதிரொலி இல்லாத பதிவுக்கு நாம பிறகு சேர்த்துக்கலாம்.

நம்ம சங்கீதத்துக்கு நாலாவதாக ஒன்று: கமகம். பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் திருப்பினால் சுரம் மட்டும் வளையாது. சாம்பிளுக்குள் இருக்கிற அசைவும் கூடத்தின் எதிரொலியும் சேர்ந்து வளையும். அதனால்தான் பொய்யாகக் கேட்குது. கமகம் வேணும்னா சாம்பிளே இல்லாமல் தந்தியின் அதிர்வைக் கணக்குப் போட்டு ஒலி எழுப்பும் ஸ்வாம் மாதிரி கருவிகள் நல்லா வளையும். நாதம் கொஞ்சம் மெலிசு. வில்லின் அழுத்தத்தை நீங்கதான் ஒவ்வொரு நொடியும் கொடுக்கணும்.

சின்னக் குழுவுக்குக் கணக்கு வேற. ஸ்பிட்ஃபயர் சேம்பர் ஸ்டிரிங்ஸில் முதல் வயலின் 4 பேர், மற்ற நாலு பிரிவிலும் மும்மூணு பேர், ஆக 16 பேர். நெருக்கமாகவும் இருக்கும், தனி ஆளின் குறையும் தெரியாது. ஆனால் ஸ்டிரிங் குவார்ட்டெட் எழுதினால் அது உதவாது. அங்கே நாலே பேர், நாலு குணம். ஒரே தனி வயலின் லைப்ரரியை இரண்டு வயலினுக்கும் போடாதீங்க. இரண்டும் ஒரே சுரத்தில் சந்திக்கும்போது ஒலி குழிஞ்சு போகும். இரண்டாவதுக்கு வேற லைப்ரரி எடுங்க. நாலு பேரையும் தனித்தனியாக வாசிங்க, கிரிடில் ஒட்ட வைக்காதீங்க. இளையராஜாவின் 1986 ஆல்பம் 'ஹவ் டு நேம் இட்' கேளுங்க. வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின் கூட்டத்திலிருந்து எப்படிப் பிரிஞ்சு வந்து திரும்பச் சேருதுன்னு கவனிங்க. காதுக்கு அதுதான் அளவுகோல்.

வாங்குறதுக்கு முன்னாடி டெமோவை நம்பாதீங்க. உங்க மெட்டில் எட்டு சுரம் எடுத்து, ஏற்கெனவே வெச்சிருக்கிற நண்பரிடம் கொடுத்து, ரிவெர்ப் இல்லாமல் வாசிச்சு அனுப்பச் சொல்லுங்க. வில் எங்க திரும்புதுன்னு கேளுங்க. தெரியலேன்னா வாங்காதீங்க.

குறும்படம் என்னாச்சு? ஒரு மத்தியானம், கரண்டு போய் மில் நின்ற நேரம். லேப்டாப் பேட்டரியில் ஓடுது. வாத்தியார் என் மாடியில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை மூணு தடவை வாசிச்சார். அடியில் சாம்பிள் குழு, மேலே அவர் வயலின். கேட்டவங்க எல்லாமே நிஜம்னு நினைச்சாங்க. லைப்ரரிக்குக் கொடுத்த காசில் அவரைப் பல தடவை கூப்பிட்டிருக்கலாம். ஒரே ஒரு நல்ல வில் போதும், மற்ற பதினாறையும் தூக்கி நிறுத்த. உங்க ஊரிலும் அப்படி ஒருத்தர் இருப்பார், முதல்ல அவர்கிட்ட கேளுங்க.

அடுத்த பகுதியில் சந்திப்போம்.