எய்ட்ஸ் வியாதியும் பாபக் கதையும்



எய்ட்ஸ் வியாதி பாபிகளுக்குக் கடவுள் கொடுத்த தண்டனையென்று சொல்லும் வைதீகர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார் குழுவினர் இந்நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமியைச் சில விலைமாதர்களின் இரத்தத்தில் கண்டறிந்ததும், இவர்களுக்கு நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது. கோவிலில் பெண்களுக்குப் பொட்டுக்கட்டி விட்ட மதம், யாரைப் பாபியென்பது என்றுகூட யோசிக்கவில்லை!

அது போகட்டும். இந்தத் 'தண்டனை' எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். நமது இரத்தத்தில் வெள்ளை அணுக்களென்ற காவற்காரர்கள் உண்டு. அவற்றின் மேற்புறத்தில் ஏற்பிகள் என்ற உறுப்புகள் முளைத்திருக்கின்றன. அவற்றிலொன்றுக்கு சி.சி.ஆர்.5 என்று பெயர். அதை அணுவின் காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஓரிடம் புண்பட்டு வீங்கினால் அங்கிருந்து சில இரசாயனப் பொருள்கள் கசியும். அவை இந்தக் காதில் பட்டவுடன் அணு அந்தத் திக்கை நோக்கி ஓடும். தீப்பிடித்த வீட்டுக் கூச்சல் கேட்டு ஊரார் ஓடுவதைப்போல. எச்.ஐ.வி. கிருமியோ, சி.டி.4 என்ற வேறொரு ஏற்பியை முதலில் பற்றிக்கொண்டு, பிறகு இந்தக் காதையும் பிடித்து உள்ளே நுழைந்து, காவற்காரனையே கொன்றுவிடுகிறது.

1996-ல் ஒரு விஷயம் வெளியாயிற்று. சிலருக்குத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்த மரபணுவில் 32 எழுத்துக்கள் விடுபட்டிருப்பதால், அந்தக் காது அணுவின்மேல் முளைப்பதேயில்லை. அவர்களைக் கிருமி பெரும்பாலும் பிடிப்பதில்லை. (வேறு ஏற்பி வழியாகப் புகும் கிருமி வகையும் உண்டு.) வட ஐரோப்பாவில் ஏறத்தாழ 100-க்கு ஒருவர் இப்படிப்பட்டவர். மாட்டுக்கறி தின்கிற, பூணூலையே கண்டறியாத அந்த மனிதர்கள் என்ன புண்ணியம் செய்தார்கள்? தாயிடமிருந்து வியாதி தொற்றிப் பிறக்கும் சிசு என்ன பாபம் செய்தது? பூர்வஜன்மம் என்பார்கள்; வேறு பதில் அவர்களிடம் ஏது?

பெர்லினில் இரத்தப் புற்றுநோயும் எச்.ஐ.வி.யும் கண்டிருந்த டிமதி ரே பிரவுன் என்ற அமெரிக்கருக்கு, அந்தக் காதில்லாத ஒருவரின் இரத்த மூல அணுக்களை 2007-ல் செலுத்தினார்கள். கிருமி போய்விட்டது. 2020-ல் புற்றுநோயால் அவர் இறக்கும்வரை திரும்பவில்லை. எல்லோருக்கும் செய்யக்கூடிய வைத்தியமல்ல அது, உயிருக்கே ஆபத்தானது. ஆனால் தினசரி மாத்திரை கிருமியை அடக்கி வைக்கிறது. இரத்தத்தில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டால், சேர்க்கையினால் பிறருக்குத் தொற்றுவதுமில்லை.

அந்த மாத்திரையை அரசாங்கம் 2004 முதல் இலவசமாகக் கொடுத்து வருகிறது. பாபியென்ற பேச்சுக்குப் பயந்து இரத்தம் சோதிக்காமல் ஒளிந்திருப்பவர் உங்கள் ஊரிலிருந்தால் சொல்லுங்கள்; ஆஸ்பத்திரிக்கு அவரோடு கூடவர நாங்கள் தயாராயிருக்கிறோம்.