ஓட்டல் படிப்பும் ஊரார் போடும் கணக்கும்

(பங்குப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘வெளிநாட்டுக் கல்வியும் நம் இளைஞரும்’ என்பது. கடலளவு தலைப்பு. மருத்துவம், பொறியியல், செவிலியர் பணி என்று எல்லாவற்றையும் தொட்டுப் பேசப் புகுந்தால் நாளைக் காலைப் பூசை மணி அடித்துவிடும். ஆகையால் ஒரே ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். ஓட்டல் மேலாண்மை, இப்போது பல்கலைக்கழகங்கள் சூட்டியிருக்கும் பெரிய பெயரில் சொன்னால், விருந்தோம்பல் மேலாண்மை. அண்மைக் காலத்தில் ஞானஸ்நானச் சான்று, நன்னடத்தைச் சான்று என்று பங்குமனைப் படியேறி வரும் பிள்ளைகளில் பலர் இந்தப் படிப்பின் பெயரைத்தான் சொல்கிறார்கள். உடன் வரும் தகப்பனாரைப் பார்த்து, “பிள்ளை அங்கே என்ன படிக்கப் போகிறது?” என்று கேட்டால், “மேனேஜர் படிப்பு, சாமி” என்று பதில் வருகிறது. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

நம் பக்கத்தில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. மேனேஜர் என்றால் கல்லாவில் உட்கார்ந்து, மணியை அடித்து, “ரெண்டு தோசை பார்சல்” என்று உள்ளே குரல் கொடுப்பவர். அவர் தட்டுக் கழுவி யாரும் பார்த்ததில்லை. கடல் கடந்து கற்கும் கல்வியோ நேர்மாறான இடத்தில் தொடங்குகிறது. விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள் என்பர் தமிழறிந்தோர். உறவினருக்குச் சோறு போடுவதை அவர்கள் விருந்தென்று எண்ணவில்லை; முன்பின் அறியாத புதியவருக்கு இடுவதே விருந்து. அந்தப் புதியவர் எந்நாட்டவராயினும் முகமலர வரவேற்று, உறங்க இடமும் உண்ண உணவும் தந்து, அதிலேயே நடத்துபவருக்கும் நாலு காசு மிஞ்சுமாறு செய்வது எப்படி என்பதே இக்கல்வியின் பொருள். வரவேற்பு, அறைப் பராமரிப்பு, சமையல், பரிமாறல் என்று இதற்கு நான்கு கால்கள். கணக்கும் சட்டமும் பிறகு வந்து சேரும்.

சுவிட்சர்லாந்து நாட்டு லொசான் நகரில் 1893-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டதே உலகின் முதல் ஓட்டல் பள்ளி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1922-இல் தொடங்கியது. நம் நாட்டில் பம்பாயில் 1954-இலும் சென்னையில் 1963-இலும் இதற்கென நிலையங்கள் எழுந்தன. சுவிஸ் முறையில் மாணவர்கள் முறை வைத்துக் காய் நறுக்குவார்கள். உடன் படிக்கும் மாணவர்களுக்கே பரிமாறுவார்கள். பின்னர் ஓட்டலுக்குச் சென்று சில மாதம் சம்பளத்துடன் பயிற்சி பெறுவார்கள். இங்கிலாந்தின் ஓராண்டு முதுநிலைப் பட்டம் வேறு வகை. அது பெரும்பாலும் வகுப்பறையும் கட்டுரையுமாக நடக்கும். பிள்ளை மாலையில் போய்ச் செய்யும் ஓட்டல் வேலை அந்தப் படிப்பின் பகுதி ஆகாது; அது வாடகைக்கும் சாப்பாட்டுக்குமான வேலை. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக் கிளம்பும் பிள்ளைகள் உண்டு.

கீரமங்கலம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அப்படித்தான் 2022-இல் இங்கிலாந்து சென்றார். பெயர் வேண்டாம், அவருடைய இசைவுடன்தான் சொல்கிறோம். தகப்பனாருக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மல்லிகை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையைப் படுக்க வைத்தது உங்களுக்கே தெரியும். அது விழுந்த பிறகு, இனி மண்ணை நம்பிப் பயனில்லை என்ற முடிவில் மண்ணையே ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பினார்கள்.

விடுமுறையில் வந்தபோது அவர் நம்மிடம் பேசியவை பல. முதல் மாதங்களில் ஒரு வீட்டில் ஏழு பேர் தங்கினார்கள். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். படிக்கும் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யச் சட்டம் இடம் தராது. கிடைத்த முதல் வேலை ஓட்டல் சமையலறையில் தட்டுக் கழுவுவது. இரண்டாவது வேலை அறை சுத்தம் செய்வது: ஒரு முறை வேலைக்குப் பதினான்கு, பதினைந்து அறைகள். கட்டில் விரிப்பின் நான்கு மூலையையும் உறை மடிப்பது போல் மடித்துச் சொருக வேண்டும்; ஒரு முடி கிடந்தாலும் மேற்பார்வை செய்யும் அம்மாள் விரிப்பை உருவிப் போட்டு, மறுபடி விரிக்கச் சொல்வார். அந்த அம்மாளும் வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்தான். “சாமி, அவங்ககிட்ட கத்துக்கிட்டதை எந்தப் புத்தகத்திலும் கத்துக்கலை” என்றார் இந்தப் பிள்ளை.

வகுப்பில் அவருக்குக் கிடைத்த வெற்றி ஒன்றையும் சொல்ல வேண்டும். வருவாய் மேலாண்மை என்று ஒரு பாடம். இன்றிரவு விற்காமல் காலியாகக் கிடந்த அறையை நாளை விற்க முடியாது. நாளைக்கு நாளைய இரவுதான் உண்டு. ஆகவே எந்த நாளில் விலையை ஏற்றுவது, எந்த நேரத்தில் இறக்கிக் கொடுப்பது, முன்பதிவு செய்து வராமற் போவோரை எப்படிக் கணிப்பது என்பதெல்லாம் அதில் வரும். உடன் இருந்தோர் விழித்தபோது இவருக்கு உடனே விளங்கிற்று. மல்லிகைப்பூ அல்லவா! முகூர்த்த நாளில் விடியற்காலையில் ஒரு விலை, வெயில் ஏறிய பின் ஒரு விலை, மாலையில் குப்பை. கீரமங்கலம் பூச்சந்தையைப் பற்றியே கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் பெற்றார். தகப்பனாருக்குத் தெரிந்த வித்தைக்குத்தான் அங்கே கட்டணம் கட்டினோம் என்று சிரித்தார்.

இனிச் சொல்லப் போவது சிரிப்புக்குரியதன்று. தட்டுக் கழுவுவதை இப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. “ஓட்டலில் பயிற்சி” என்று மட்டும் சொன்னார். தாயார் அதை “மேனேஜர் பயிற்சி” என்று தெருவில் சொன்னார்கள். தெரு அதை “மேனேஜர்” ஆக்கிவிட்டது. ஆறாம் மாதமே சித்தப்பா கைமாற்று கேட்டார். கோவில் வரி, திருவிழா நன்கொடை என்று வெளிநாட்டுக் கணக்கில் ஒரு தொகை எழுதப்பட்டது. பிள்ளையோ இரண்டு வேளை சாப்பிட்டு மூன்றாம் வேளையை மிச்சம் பிடித்துப் பணம் அனுப்பியது. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டோம். “எச்சில் தட்டுக் கழுவுறேன்னு எங்க அம்மாகிட்ட எப்படிச் சாமி சொல்றது?” என்றார்.

அன்பர்களே, இக்கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் அல்லர். தட்டுக் கழுவுவதில் இழிவு இருப்பதாக அந்நாட்டார் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதை அவர் இங்கிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு போனார். நம் கலியாண வீடுகளில் இலை போடுபவர் யார், எச்சில் இலை எடுப்பவர் யார் என்பது எழுதாத சட்டமாக இருந்துவருகிறது. இலை எடுக்கவென்றே ஒரு தெருவிலிருந்து ஆள் அழைக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்று எல்லோருக்கும் தெரியும். சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரைப் பெரிய வியாழனன்று முழந்தாளிட்டு நினைவுகூர்கிறோம்; உயிர்ப்பு ஞாயிறு விருந்தில் இலை எடுக்க ஆள் தேடுகிறோம். இந்த வழக்கத்தில் வளர்ந்த பிள்ளை, பிறருக்குப் பணிவிடை செய்வதையே கல்வியாகக் கொண்ட துறையில் போய் நிற்கும்போது, கை வேலை செய்கிறது, மனம் கூசுகிறது. இரண்டாண்டுக் காலம் அந்தக் கூச்சத்தோடு அவர் தனியே இருந்தார். குளிரைவிட அதுவே பெரிதாக இருந்ததென்றார். பெண் பிள்ளைகளுக்கோ இதற்கு மேலும் ஒரு சுமை: ‘ஓட்டலில் வேலை பார்த்த பெண்’ என்று வரன் பேச்சில் ஒரு இழுப்பு. அதைப் பற்றி மாதர் சங்கத்தில் தனியே பேசுவோம்.

பட்டம் பெற்ற பின் இரண்டாண்டு தங்கி வேலை பார்க்க அவருக்கு விசா கிடைத்தது. ஓட்டல் ஒன்றில் மேற்பார்வையாளர் நிலைவரை உயர்ந்தார். மேற்கொண்டு தங்க வேண்டுமானால் முதலாளி பொறுப்பேற்று வேலை விசா பெற்றுத் தர வேண்டும். அதற்கான சம்பள வரம்பை அந்நாட்டு அரசு 2024 ஏப்ரலில் ஆண்டுக்கு 38,700 பவுன் என்றும், 2025 சூலையில் 41,700 பவுன் என்றும் உயர்த்தியது. அத்துடன் 2025 சூலை 22 முதல், பட்டப்படிப்புத் தரத்துக்குக் கீழ் என்று அவர்கள் வகுத்திருக்கும் வேலைகளுக்கு வெளிநாட்டாருக்குப் புதிதாக வேலை விசா கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. செஃப் வேலை முதலாக ஓட்டல் வேலைகள் பல அந்தக் கோட்டுக்குக் கீழே விழுந்தன. விந்தையைப் பாருங்கள்: ஓட்டல் துறையில் முதுநிலைப் பட்டம் கொடுத்த நாடு, ஓட்டல் வேலையைப் பட்டம் தேவைப்படாத வேலை என்கிறது! பட்டத்துக்குப் பின் தங்கும் காலமும், 2027 சனவரி முதல் விண்ணப்பிப்போரில் பெரும்பாலோருக்குப் பதினெட்டு மாதமாகக் குறைகிறது. நம் பிள்ளை விசா முடிந்ததும் ஊர் திரும்பினார். இப்போது சென்னையில் ஓட்டல் ஒன்றில் இரவு முறை வரவேற்புப் பணியில் இருக்கிறார். கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது இங்கிலாந்தில் மட்டும் நடப்பதன்று, இன்று மட்டும் நடப்பதும் அன்று. ஆஸ்திரேலியாவில் 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், சமையற்கலையோ சிகையலங்காரமோ படித்தால் நிரந்தரமாகக் குடியேறலாம் என்ற நிலை இருந்தது. தேவைப்படும் தொழில்களின் பட்டியலில் அவை இருந்ததே காரணம். மெல்போர்னிலும் சிட்னியிலும் தனியார் கல்லூரிகள் மழைக் காளான் போல் முளைத்தன. நம் நாட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். 2009-இல் அத்தகைய கல்லூரிகள் சில ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2010 பிப்ரவரி 8 அன்று அந்தப் பட்டியலையே விலக்குவதாக அரசு அறிவித்தது. சூலையில் வந்த புதுப் பட்டியலில் சமையற்காரரும் சிகையலங்காரரும் இல்லை. பாதிப் படிப்பில் இருந்தவர்களின் கதி என்ன? சட்டம் இயற்றுவது அந்நாட்டாரின் உரிமை; நாம் குறை சொல்வதற்கில்லை. சுவிட்சர்லாந்திலும் வேலைக்கு ஐரோப்பிய நாட்டவருக்கு முன்னுரிமை என்பதே சட்டம். ஆனால் இங்கே நிலத்தை ஈடு வைப்பவர், அந்தச் சட்டம் தம் பிள்ளையின் படிப்பு முடியும்வரை அப்படியே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு வைக்கிறாரே, அதுதான் நம் கவலை.

கடன் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். ஏழரை இலட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு நிலமோ வீடோ ஈடு கேட்பது வங்கிகளின் பொது வழக்கம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். தவணைக்குத்தான் ஓய்வு, வட்டிக்கு ஓய்வு இல்லை. இருபது இலட்சத்தை நூற்றுக்குப் பதினொன்று வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,20,000 ரூபாய். மூன்றாண்டில் 6,60,000. முதல் சம்பளம் கைக்கு வருமுன் கடன் இருபத்தாறரை இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. ஏஜெண்டு இதைச் சொல்வதில்லை. “எங்களுக்கு நீங்கள் ஒரு காசும் தர வேண்டாம்” என்று அவர் சொன்னால், அவருக்குக் காசு தருவது கல்லூரி என்று பொருள். அதில் தவறொன்றுமில்லை, ஆனால் அவர் யாருக்காகப் பேசுகிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் போகவே வேண்டாமா என்று பின்வரிசையில் ஒரு தம்பி முகம் சுளிப்பது தெரிகிறது. போகலாம், தம்பி. நாமும் கடல் கடந்தவர்களின் பேரப் பிள்ளைகள்தாம். பர்மாவும் மலேயாவும் சிங்கப்பூரும் இம்மாவட்டத்து வீடுகளில் எத்தனைக்குக் கல்லும் தேக்கும் தந்திருக்கின்றன! எதைக் கையில் வைத்துக்கொண்டு போவது என்பதே கேள்வி. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தைச் சேர்ந்த விஜய் குமார் என்ற செஃப் இருக்கிறார். பொறியியல் படிக்க வசதி இல்லாமல், திருச்சியில் ஓட்டல் கல்வி கற்றவர். சென்னையில் ஓட்டல் சமையலறையில் உழைத்து, பின்னர் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் 2021-இல் திறக்கப்பட்ட ‘செம்ம’ என்ற உணவகத்தில் கிராமத்துச் சமையலை, நத்தைப் பிரட்டல் உட்பட, கூச்சமின்றிப் பரிமாறினார். அது 2022-இல் மிஷலின் நட்சத்திரம் பெற்றது. 2025 சூனில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்று ஜேம்ஸ் பியர்ட் விருது அவருக்குக் கிடைத்தது; வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். எல்லாரும் அவரைப்போல் ஆவார்கள் என்று நாம் சொல்லவில்லை. அத்தகையோர் அருமையாகவே தோன்றுவர். ஆனால் அவர் தொழிலை இங்கே கற்றுவிட்டுத்தான் விமானம் ஏறினார் என்பதைக் கவனியுங்கள்.

திருச்சி – தஞ்சைச் சாலையில் துவாக்குடியில் மாநில ஓட்டல் மேலாண்மை நிலையம் இருக்கிறது. நம்மூரிலிருந்து விடுதி இல்லாமலே போய் வருவோர் உண்டு. பட்டப்படிப்புக்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு நடக்கிறது. திருமயத்தை அடுத்த கடியாப்பட்டியில் சிதம்பர விலாஸ் என்ற செட்டிநாட்டு மாளிகையே இன்று ஓட்டலாக நடக்கிறது. வெளிநாட்டார் நம் வாசலுக்கே வந்து தங்கிப் போகிறார்கள். ஓராண்டு இங்கே ஓட்டலில் வேலை பார்த்து, விரிப்பு விரித்து, தட்டுக் கழுவிப் பார்த்த பின்பும் ஒரு பிள்ளைக்கு இத்துறை பிடித்திருந்தால், அப்போது கடன் தாளில் கையெழுத்திடுவதைப் பற்றி யோசிக்கலாம். அந்தப் பிள்ளை வீட்டில் எதையும் மறைக்க வேண்டியிருக்காது. அம்மா ஏற்கனவே பார்த்திருப்பார்.

வெளிநாட்டில் இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. இன்றிரவு தொலைபேசியில் பேசும்போது, எவ்வளவு அனுப்புகிறாய் என்பதைப் பிறகு கேளுங்கள். இன்று என்ன வேலை செய்தாய், எத்தனை அறை, யார் உடன் இருந்தார்கள், என்ன சாப்பிட்டாய் என்று முதலில் கேளுங்கள். தட்டுக் கழுவினேன் என்று சொன்னால், எத்தனை தட்டு என்று கேளுங்கள்.

வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் இருவர் பங்குமனையில் இருப்பார்கள். வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்திருப்போர், கட்டண விவரத்தையும் ஏஜெண்டு கொடுத்த தாள்களையும் எடுத்து வாருங்கள். கல்லூரியின் பெயர் அந்நாட்டு அரசின் பதிவுப் பட்டியலில் உள்ளதா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள். துவாக்குடி நிலையத்தின் விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறோம். சமபந்தி விருந்து இன்னும் சிறிது நேரத்தில் தொடங்கும். இலை எடுக்க இளைஞர் மன்றத்தில் ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பத்தாவதாக நம் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம். இன்னும் ஆள் வேண்டும்.