முரசும் பொருளும்

படம் வருமுன் மாட்டுவண்டியில் முரசு வந்தது நம் புதுக்கோட்டைத் தெருக்களில் ஒரு காலத்து வழக்கம். முரசு மட்டும் இருந்து படம் இல்லாவிட்டால்? 1964-இல் ஸ்ரீதர் அளித்த 'காதலிக்க நேரமில்லை' அந்த வெற்றாரவாரத்தை நகையாடிற்று. நாகேஷ் ஏற்ற செல்லப்பா, படம் எடுக்குமுன்பே 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். தந்தையாக வரும் பாலையா அவன் கதை கேட்டு நடுங்குகிறார்; நாம் சிரிக்கிறோம்.

புதுக்கோட்டையிற் பிறந்த பி. யு. சின்னப்பாவோ, 1940-இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் தாங்கினார். அங்கே முரசறையப் பொருள் இருந்தது.

கூலிக்காசில் சீட்டு வாங்குபவன் விளம்பரத்தை வாக்குறுதியாகவே கொள்கிறான். அது பொய்த்தால், அடுத்து வரும் நல்ல படத்தையும் அவன் நம்பமாட்டான். அந்த நட்டத்தை நல்ல கலைஞனே சுமக்கிறான்.