பேசாக் காதலர்

காதற்கதையெனில் காதலர் இருவரும் ஓயாது பேசவேண்டும் என எதிர்பார்க்கும் வாசகருக்கு, ஜேன் ஒஸ்ரினின் 'பேர்சுவேசன்' என்னும் ஆங்கில நாவல் முதலில் ஏமாற்றத்தையே தரும். ஆசிரியை 1817 யூலையில் மறைந்தபின், அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த நூல் அது. அதிற் பெரும்பகுதிவரை தலைவனும் தலைவியும் அந்நியர்போலவே நடமாடுகின்றனர்.

ஆன் எலியற் தன் 19ஆவது வயதில் வென்ற்வேத் என்னும் கடற்படை வீரனுக்கு வாக்குக் கொடுத்தாள். கையிற் பொருளில்லாதவன் என்று, தாயின் இடத்திலிருந்த ரசல் சீமாட்டி தடுக்கவே, அவ்வாக்கை முறித்தாள். எட்டாண்டுகளின் பின் அவன் கப்டனாகவும் செல்வனாகவும் திரும்புகிறான். ஒரே மேசையில் உண்கின்றனர். உபசார வார்த்தையன்றி வேறு பேச்சில்லை. அடையாளமே தெரியாதபடி அவள் மாறிவிட்டாள் என்று அவன் கூறியதும் அவள் செவிக்கு எட்டுகிறது.

இதனால் இவர்களை உணர்ச்சியற்ற பாத்திரங்கள் என்று ஒதுக்குதல் தகாது. நோயுற்ற சிறுவன் ஒருவனருகே ஆன் மண்டியிட்டிருக்கிறாள். அவனுடைய இரண்டு வயதுத் தம்பி அவள் முதுகிலேறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுக்கிறான். திடீரெனப் பாரம் நீங்குகிறது. குழந்தையைத் தூக்கியவன் வென்ற்வேத் என்றறிந்ததும் அவளுக்கு நாவெழவில்லை. அவனோ, நன்றியைக் கேட்க விரும்பாதவனாய், குழந்தையோடு ஆரவாரமாக விளையாடுகிறான். மற்றொரு நாள், நெடுந்தூரம் நடந்து அவள் களைத்திருப்பதைக் கண்டு, தன் சகோதரியின் வண்டியில் அவளை ஏற்றிவிடுகிறான். கோபம் ஆறவில்லை, ஆயினும் கண் அவளைவிட்டு அகலவுமில்லை.

இவர்களுக்கு எதிராகப் பென்விக் என்பவனை நிறுத்திப் பார்க்கலாம். இறந்த காதலியை நினைந்து ஸ்கொற், பைரன் கவிதைகளை உருக்கமாக ஓதுபவன் அவன். நல்லவன்தான், ஆனால் சில மாதங்களுக்குள் வேறொருத்தியை மணக்க இசைந்துவிடுகிறான்!

நீண்ட மௌனத்தைக் கலைப்பது ஆசிரியைக்கும் எளிதாயிருக்கவில்லை. 1816 யூலையில் எழுதிய முடிவில், ஆன் தன் உறவினனான எலியற்றை மணக்கப்போவது மெய்யா என்று அறிந்துவர, வென்ற்வேத்தை அவன் மைத்துனரே அனுப்புகிறார்; அவள் இல்லையென்றதும் பிணக்குத் தீர்ந்துவிடுகிறது. இது ஒஸ்ரினுக்கு நிறைவளிக்கவில்லை. ஓகஸ்டில் வேறு முடிவை எழுதினார். நீக்கிய பகுதியின் கையெழுத்துப்படி இன்றும் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. புதிய முடிவில், பாத் நகர விடுதியொன்றில், நம்பிக்கை அற்றபின்னும் பெண்ணின் அன்பு நிலைக்கும் என்று ஆன் வேறொருவரோடு வாதிடுகிறாள். அதே அறையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் வென்ற்வேத்தின் பேனா நழுவி விழுகிறது. அவள் சொற்கள் அவனை நோக்கியனவல்ல; அவன் விடையும் வாய்மொழியன்று, அவள் கண்முன் வைத்துச்செல்லும் ஒரு கடிதமே. முகம் நோக்கிப் பேசும் வழக்கத்தையே இழந்த இருவருக்கு இதனினும் பொருத்தமான வழி ஏது?

இணைந்தபின் அவன் அவளிடம் ஒன்று கேட்கிறான். 1808இல், சிறிது பொருளோடு திரும்பி, 'லக்கோனியா' என்னும் கப்பலின் தலைமையைப் பெற்றபோது கடிதம் எழுதியிருந்தால், அவள் பதில் தந்திருப்பாளா? தயக்கமின்றித் தந்திருப்பாள். அன்று அவனைத் தடுத்தது செருக்கு ஒன்றே. கதை நிகழும் 1814ஆம் ஆண்டுவரை, ஆறாண்டுகளாக அக்கடிதம் எழுதப்படாமலே கிடந்தது.