யார் பார்த்தது?



பங்காருபேட்டையிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர். கையில் செல்போன். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்!”

பயந்தவர் உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறார். முதலில் சொன்னவர் என்று பேர் வாங்க நினைப்பவரும் அனுப்புகிறார். கோபக்காரர் இரண்டு வார்த்தை சேர்த்து அனுப்புகிறார். நிதானமானவரோ, “யார் பார்த்தது?” என்று கேட்கிறார். செய்தி ஒன்றுதான். சுபாவம் வேறு வேறு.

2018 மே மாதம் இந்த வதந்தியை நம்பிய கூட்டம், பெங்களூரில் ஓர் இளைஞரையும் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியையும் அடித்துக் கொன்றது. இருவருமே பிள்ளை பிடிக்க வந்தவர்கள் அல்ல.

உங்கள் சுபாவம் எது? பயமோ கோபமோ வந்தால் அனுப்பாதீர்கள். முதலில் காவல் நிலையத்தில் கேளுங்கள்.